ஹாஸ்டலில் குளிர் காய்ச்சலா? மலேரியா ரத்தப் பரிசோதனை இலவசம்

சென்னையில் ஹாஸ்டலிலோ மேன்ஷனிலோ தங்கிப் படிக்கும் பிள்ளைகள், காய்ச்சல் வந்தால் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு ரெண்டு நாள் பார்ப்போம் என்று படுத்துவிடுகிறார்கள். நடுக்கத்தோடு வரும் காய்ச்சலை அப்படி விடவே கூடாது. மலேரியாவா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும், உறுதியானால் அதற்கான மாத்திரைகளும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். இது தேசியத் திட்டம். வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை எதுவும் வேண்டாம். வெளிமாநில மாணவர்களுக்கும் உண்டு. ராத்திரியில் காய்ச்சல் ஏறினால் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். சந்தேகம் கேட்க 104 உதவி எண்.

வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. விரல் நுனியில் குத்தி, ஒரே ஸ்லைடில் ஒரு துளியைத் தடிப்பாகவும் இன்னொன்றை மெல்லிசாக இழுத்தும் வைப்பார்கள். தடிப்பானதில் கிருமி இருக்கிறதா என்று தெரியும். மெல்லிசானதில் எந்த வகை என்று தெரியும். ரேபிட் கிட் இருந்தால் 15–20 நிமிடத்தில் முடிவு வந்துவிடும். முதல் தடவை ‘இல்லை’ என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையா, திரும்பவும் போய் எடுக்கச் சொல்லுங்கள். கிருமி குறைவாக இருக்கும்போது ஒரே ஸ்லைடில் அகப்படாமல் போகலாம்.

சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று நாளில் பத்து குளோரோகுயின் மாத்திரை: 4, 4, 2. கூடவே பிரைமாகுயின் 14 நாள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், செமஸ்டர் நெருங்கும், மீதி மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும். ஆனால் வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்ப வரும். அதை அங்கேயே அழிப்பது பிரைமாகுயின்தான். ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரைமாகுயின் சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கருத்துப் போனால் அதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ஃபால்சிபாரம் வகைக்கு மருந்தே வேறு. அதில் நினைவு தடுமாறினாலோ கண் மஞ்சளித்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

கல்லூரி முகாமில் ரத்த தானம் செய்பவர்களுக்கும் ஒன்று. தானமாக வரும் ஒவ்வொரு யூனிட்டையும் மலேரியாவுக்குப் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம். மலேரியா வந்து குணமானவர் மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம். படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், ஒரு அறையில் மலேரியா உறுதியானால் வார்டனிடம் சொல்லி மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். நகரத்தில் இதைப் பரப்பும் அனாபிலஸ் கொசு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடி உடைந்த தொட்டியும் திறந்த கிணறும் அதற்குப் போதும். சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம்.