தேறி வந்தவரைச் சோதித்துப் பார்க்காதீர்கள்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்து, நன்றாகத் தேறி வீடு திரும்பிய ஒருவரின் அண்ணன் சமீபத்தில் என்னைப் பார்க்க வந்தார். மாத்திரையைக் குறைக்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “சைக்கோ 2 பார்த்தேன் டாக்டர். 22 வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தும் அவன் மாறலையே, எங்க தம்பியும் அப்படித்தானா?” என்றார். அவர்கள் வீட்டில் இரவானால் அருவாமனை சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் போய்விடுகிறதாம். தம்பி தக்காளி நறுக்கக் கத்தி கேட்டால், “நீ போய் டிவி பாருப்பா” என்று அம்மா அனுப்பிவிடுகிறாராம்.

இப்படி வரும் குடும்பங்கள் ஒன்றிரண்டு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். 1960இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தின் தொடர்ச்சியாக 1983இல் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின் இயக்கியது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டல் நடத்திய நார்மன் பேட்ஸ் குணமாகிவிட்டார் என்று நீதிமன்றம் விடுவிக்கிறது. முதல் படத்தில் அவர் கொன்ற பெண்ணின் சகோதரி லைலா மனு கொடுத்து எதிர்க்கிறார். அது நடக்கவில்லை என்றதும் தன் மகள் மேரியோடு சேர்ந்து வேறு வழி தேடுகிறார். செத்துப்போன அம்மா எழுதியது போலச் சீட்டு, அம்மா பேசுவது போலப் போன், ஜன்னலில் அம்மா வேடம். நார்மனை மறுபடி ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நடுவில் விழும் கொலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது நார்மன் இல்லை, ஸ்பூல் என்ற வயதான பெண்மணி. எல்லோரும் சேர்ந்து அவர் மனதை உடைத்துப் போட்ட பிறகு, கடைசியில்தான் நார்மன் மண்வெட்டியை எடுக்கிறார்.

அண்ணன் பார்த்ததும் இதே படம்தான். ஆனால் அவர் மனதில் தங்கியது மண்வெட்டி மட்டும்.

நார்மனுக்குப் படங்களில் காட்டுவது இரட்டை ஆளுமை. மனச்சிதைவு அது இல்லவே இல்லை. மனச்சிதைவில் ஒரே ஆள்தான். யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்புவார். குளிக்க, பேச, எழுந்து நடமாட மனம் வராது. அந்தக் குரலை அவர் கேட்கிறார், அந்தக் குரலாக அவர் மாறுவதில்லை. மருந்து வேலை செய்து குரல் அடங்கிய பின் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் தம்பி. பகலில் தம்பி, ராத்திரியில் வேறொருவன் என்று கிடையாது. சிரித்துப் பேசினால் நடிக்கிறான் என்று கிடையாது. தோசை ஆறிப்போனதற்கு அவர் கோபப்பட்டால் அது தோசைக்கான கோபம்தான், உள்ளேயிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உண்மையிலேயே இரட்டை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களும் கொலைகாரர்கள் இல்லை. அவர்களில் பலர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள்.

வன்முறையே இல்லையா என்றால், சிலரிடம் உண்டு. மருந்தில்லாமல், கடும் சந்தேகத்தோடு, குடியும் கஞ்சாவும் சேரும்போது ஆபத்து கூடும். ஆனால் இந்த நோயாளிகள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம்.

படத்தின் ஆரம்பத்தில் சமையலறைக் காட்சி ஒன்று வரும். சாண்ட்விச் வெட்டக் கத்தி எடுக்க வேண்டிய இடத்தில் நார்மனாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸின் நாக்கு குழறும். ஊர் தன்னைப் பார்க்கும் கண்ணாலேயே தன்னைப் பார்க்கப் பழகிவிட்டவரின் குழறல் அது. அதை நான் ஓ.பி.யில் நிறையக் கேட்கிறேன். (அந்தக் கதையின் டாக்டர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அத்தனை வருடம் உள்ளே இருந்தவரை அதே வீட்டில் தனியாக விட்டுவிட்டா போவது?)

லைலா செய்ததை நம் ஊரிலும் செய்கிறார்கள். பட்டறை வேலைக்குத் திரும்பிய ஒரு பையனை, “இன்னும் குரல் கேக்குதா பாப்போம்” என்று சுவருக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் வேலையை விட்டான். அப்புறம் மாத்திரையையும் விட்டான்.

வீட்டுச் சூழல் எவ்வளவு முக்கியம் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1950களிலேயே லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையில் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஓயாமல் குறை சொல்வதும் வெறுப்பும், மூச்சு முட்டப் பொத்திப் பாதுகாப்பதும் நோயைத் திரும்ப அழைக்கின்றன என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது.

சரி, என்ன செய்வது? நன்றாக இருக்கிறார் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறார். காபியில் கலந்து கொடுக்காதீர்கள். ஒரு நாள் தெரிந்துவிட்டால், “சோற்றில் ஏதோ கலக்கிறார்கள்” என்ற அவருடைய பழைய சந்தேகத்தை நீங்களே நிஜமாக்கியிருப்பீர்கள். தூக்கம் கெடுகிறதா, தனியாகப் பேசுகிறாரா, சாப்பாட்டைச் சந்தேகப்படுகிறாரா? உடனே கூட்டி வாருங்கள், அமாவாசை போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். யாரையாவது குத்தச் சொல்லிக் குரல் வருகிறது என்றோ, சாகப்போகிறேன் என்றோ சொன்னால் அது அவசரம். அப்போது மட்டும் கத்தியை எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 108. நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் உள்ளே வந்து தாழ்ந்த குரலில் கேட்காதீர்கள். கேட்க வேண்டியதை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். பாதிக் கேள்விக்கு அவரே பதில் சொல்வார்.