பூச்சி, சிலந்தி, தேள் வளர்க்கலாமா? வனவுயிர்ச் சட்டம் சொல்வது

மழை விழுந்து உடைமரங்கள் தளிர்த்ததும் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து, உடையிலையைத் தீனியாகக் கொடுத்து, முட்டையிட்டிருக்கிறதா என்று நாளைக்குப் பத்து முறை திறந்து பார்க்காத பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்பு நெல்லைச் சீமையின் கிராமங்களில் அரிதாகவே இருந்தார்கள். அதே ஆசை இன்று கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் அயல்நாட்டுச் சிலந்தியாகவும், கருந்தேளாகவும், உப்புநீர்த் தொட்டியில் வைக்கும் பவளமாகவும் உருமாறியிருக்கிறது. நாய், கிளி பற்றிய விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள்கூட, பூச்சிக்கும் சிலந்திக்கும் சட்டம் உண்டா என்று வியப்புடன் கேட்கிறார்கள். உண்டு. அது எந்த உயிர், எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த வழியில் கைக்கு வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அதை வளர்க்கலாமா கூடாதா என்பது முடிவாகும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம், ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் பாலூட்டி, பறவை, ஊர்வன, மீன் ஆகியவற்றோடு முதுகெலும்பற்ற உயிர்களையும், அவற்றின் இளம் உயிர்களையும் முட்டைகளையும் சேர்த்தே சொல்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வடிவில் இச்சட்டத்துக்கு நான்கு பட்டியல்கள் உள்ளன. முதலிரண்டும் பாதுகாக்கப்பட்ட விலங்குகளுக்கு உரியவை. மூன்றாவது தாவரங்களுக்கு உரியது. நான்காவது, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிர்களுக்கு உரியது. முதலிரண்டு பட்டியல்களில் உள்ள உயிரைக் கொல்வது மட்டுமன்றி, உயிரோடு பிடிப்பதும், கண்ணி வைப்பதும் சட்டத்தின் பார்வையில் ‘வேட்டை’தான். முதற்பட்டியல் உயிர் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சட்டத்தின் பிற மீறல்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எறும்பு, கரப்பான், வெட்டுக்கிளி போன்று பட்டியல்களில் பெயர் வராத சாதாரண உயிர்களைச் சொந்தத் தோட்டத்திலிருந்து எடுத்து வளர்த்துப் பார்ப்பதை இச்சட்டம் தடுப்பதில்லை. சிக்கல், ஓர் உயிரைச் சாதாரணமானது என்று நாமே முடிவு செய்துகொள்வதில் இருக்கிறது. எருக்கஞ்செடியில் புழுவாக வளரும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி நம் வயல்வரப்பு எங்கும் பறப்பது. பறவைகளுக்கு அதன் உடல் ஒவ்வாது என்பதால், ஹிப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்ற வேறோர் இனத்தின் பெண் அதே நிறத்தையும் கோலத்தையும் ஏந்திக்கொண்டு தப்பிப் பிழைக்கிறது. பழைய பட்டியல் முறையில் நெடுங்காலம் முதற்பட்டியலில் இருந்தது இந்த இரண்டாவது இனம். வலையில் விழுந்தது எது என்பதைப் பழகிய கண்ணே சொல்ல முடியும் என்னும்போது, பிடித்த பிறகு பெயர் தேடுவது காலங்கடந்த காரியம். இனத்தின் அறிவியல் பெயரை உறுதி செய்து, திருத்தப்பட்ட பட்டியலில் தேடிப் பார்த்த பின்னரே கை நீட்ட வேண்டும். பழைய நூல்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் உள்ள பட்டியல் எண்கள் 2023க்கு முந்தையவையாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவதும், பலர் அறியாமல் மீறுவதும், எங்கிருந்து எடுத்தோம் என்ற இரண்டாவது கேள்விதான். 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அமைந்த களக்காடு முண்டந்துறை, சரணாலயங்களை உள்ளடக்கியது. சரணாலயத்திலிருந்து எந்த வனவுயிரையும், வனப்பொருளையும் அனுமதியின்றி அகற்றுவதைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தடை செய்கிறது. இங்கே பட்டியல் எது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வாழிடத்தைச் சேர்ந்த எந்த விலங்கும் ‘வனவுயிர்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு தங்குபவர்களுக்கும், களக்காடு தலையணையில் குளிக்கச் செல்பவர்களுக்கும் கிடைக்கும் அனுமதி போய்வருவதற்கு மட்டுமே. ஊரில் பிடித்தால் யாரும் கேட்காத ஒரு வண்டை, காப்பகத்துக்குள் பிள்ளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடியைக் கடந்தால் அது மீறலாகிவிடும். பட்டியலில் உள்ள உயிராக இருந்துவிட்டால், சரணாலயத்துக்குள் நடந்த வேட்டை என்ற முறையில் கடுமையான தண்டனைப் பகுதியே பொருந்தும். அகத்தியமலையைச் சுற்றிய காடுகளில் வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் பல வாழ்கின்றன. ஒரு சிறு மலைச்சரிவிலேயே ஓர் இனம் முழுதும் அடங்கியிருக்கலாம் என்பதால், இந்தத் தடை மிகையானது என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கேள்வி அயல்நாட்டு உயிர்களைப் பற்றியது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னையில் சுங்கத்துறையினர் திறந்தபோது, சிறு குப்பிகளில் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றி அடைக்கப்பட்டிருந்த 107 உயிருள்ள சிலந்திகள் கிடைத்தன. இறக்குமதி உரிமமோ உடல்நலச் சான்றோ அவற்றுக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விலங்கைத் தருவிக்க இறக்குமதி உரிமம் வேண்டும். சைட்டிஸ் பட்டியலில் உள்ளதானால் அந்த உடன்படிக்கையின்படியான அனுமதியும், தொற்றுத்தடைச் சோதனையும் வேண்டும். கூரியரில் வாங்கிய உயிருக்கு விற்றவர் கொடுத்த ரசீது இவற்றுள் எதற்கும் ஈடாகாது.

பேரரசத் தேள் எனப்படும் ஆப்பிரிக்கக் கருந்தேள், மெக்சிகோவைச் சேர்ந்த பிராகிபெல்மா சிலந்திகள், இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா சிலந்திகள் ஆகியவை சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. பொயிசிலோதீரியா 2019இல் சேர்க்கப்பட்டது. நான்காம் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதைத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 49எம் பிரிவு சொல்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. அன்று ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் தரப்பட்டது, அது முடிந்துவிட்டது. இனிப் பெறுபவர்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாகத் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். அக்கட்டணம் திருப்பித் தரப்படாது. பிறருக்குக் கைமாற்றினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்துபோனாலும் அதற்குரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு முட்டைப்பையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு வெளிவரும் சிலந்தியை வளர்ப்பவர் இந்தக் கடமையை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. சட்டத்துக்கும் உடன்படிக்கைக்கும் மாறாக அந்த உயிர் பெறப்படவில்லை என்று அதிகாரிக்கு உறுதியானால்தான் சான்றிதழ் கிடைக்கும். காட்டிலிருந்து பிடித்து வந்ததைப் பதிவால் நேர்மையாக்கிவிட முடியாது.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி எனக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கும், நகரத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பவளங்களும், 2001இலிருந்து கடலட்டைகளும், சிலவகைச் சங்கு, சிப்பிகளும் இச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வலையில் தற்செயலாக ஏறிய கடலட்டையைத் தொட்டியில் விட்டு வளர்ப்பதற்கும் இடமில்லை. உயிரோடு இருக்கும்போதே கடலில் திருப்பி விடுவதே முறை.

தேனீப் பெட்டியும் பட்டுப்புழுவும் வேளாண்மை சார்ந்த தொழில்களாக அரசே ஊக்குவிப்பவை; அவற்றைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாத உயிராக இருந்தாலும் இன்னொரு சட்டம் துணைக்கு வருகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிரையும் விலங்கு என்கிறது; தன் பொறுப்பில் உள்ள விலங்கின் நலம் பேணுவதும், தேவையற்ற வேதனை நேராமல் காப்பதும் வளர்ப்பவரின் கடமை என்கிறது. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது அந்தக் கடமைக்கு நேர் எதிரானது. பிள்ளைகளிடம் இதை அதட்டாமல் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இதைப் படித்த பின் வீட்டில் இருக்கும் உயிரைப் பற்றிய கலக்கம் ஏற்பட்டால், அதைத் தாமிரபரணிக் கரையிலோ மலையடிவாரத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுவது மிகத் தவறான முடிவு. அயல்நாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்று நம் தோட்டப்பயிர்களைத் தின்று பெருகி நிற்கிறது. ஆக்கிரமிப்பு அயலுயிர்களின் இறக்குமதியையும் வைத்திருப்பதையும் தடை செய்யும் அதிகாரத்தை 2022 திருத்தம் மத்திய அரசுக்குத் தந்திருப்பதும் இத்தகைய அனுபவங்களால்தான். உயிரின் படம், வாங்கிய நாள், ரசீது, விற்றவருடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை ஒன்றுசேர்த்துக்கொண்டு, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தையோ மாவட்ட வன அலுவலகத்தையோ எழுத்துமூலம் அணுகி, கொடுத்ததற்கு ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். பதில் வரும்வரை அதை யாருக்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. தொட்டியின் மூடியைப் பூட்டி, தீனியும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.