கிராண்ட் பிரீ: பரிசா, விலையா?

ஃபார்முலா ஒன்னுங்கற கார் ரேஸ் தொடர்ல நடக்கற ஒவ்வொரு பந்தயத்தையும் பேப்பர்ல ஒரு நாள் கிராண்ட் பிரிக்ஸ்னு போடுறாங்க, மறுநாள் கிராண்ட் பிரின்னு போடுறாங்க, டிவி கமெண்ட்ரில கிராண்ட் ப்ரீங்கறாங்க. எது சரின்னு கேட்டா, இது பிரெஞ்சு சொல்லு, அவங்க வாய்ல 'க்ரான் ப்ரீ'னுதான் வரும். ரெண்டு சொல்லோட கடைசி எழுத்தும் எழுதுறதோட சரி, உச்சரிக்க மாட்டாங்க. அதனால பிரிக்ஸ் தப்பு, கிராண்ட் பிரீ பரவால்ல ரகம்.

க்ரான்னா பெரிய, ப்ரீன்னா பரிசு, ஆக பெரும்பரிசு. இதோட விட்டுடலாம்தான், ஆனா அந்த ப்ரீக்கு பிரெஞ்சுல இன்னொரு அர்த்தமும் இருக்கு, விலை. பாரீஸ்ல காய்கறிக் கடைல தக்காளி என்ன விலைன்னு கேட்டாலும் இதே சொல்லுதான். லத்தீன்ல ப்ரேத்தியும்னு ஒரு சொல்லு, மதிப்பு, விலை, கூலி எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான், அதுலேருந்து வந்தது இது. இங்கிலீஷ்ல விலைக்கு உள்ள பிரைஸும் பரிசுக்கு உள்ள பிரைஸும் அதே வேர்லேருந்து பிரிஞ்ச அண்ணன் தம்பிங்க, நம்ம எழுத்துல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி வேற வந்து நிக்குது. இந்த விலைங்கற அர்த்தத்தை கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கீழ தேவைப்படும்.

சொல்லு முதல்ல கார் ரேஸுக்கு வந்ததில்ல, குதிரைக்குத்தான். 1863ல பாரீஸ்ல நடந்த குதிரைப் பந்தயத்துக்கே இந்தப் பேரு இருந்துச்சு. கார் ரேஸ்ல இது நிலைச்சது 1906 ஜூன்ல, பிரான்ஸ்ல லெ மான் பக்கத்துல ரெண்டு நாள் ஓட்டுன பந்தயத்துல. ரெனோ கார்ல வந்த ஃபெரென்ஸ் சிஸ் ஜெயிச்சாரு, பரிசு 45,000 பிராங்க், அப்போ நிஜமாவே பெரும்பரிசுதான். அதுக்கு முன்னாடி கார்டன் பென்னட் கோப்பைன்னு ஒண்ணு நாட்டுக்கு நாடு மோதுற மாதிரி நடந்துச்சு, ஒரு நாட்டுக்கு மூணு கார்தான்னு ரூல், கார் கம்பெனி நிறைய வச்சிருந்த பிரான்ஸுக்கு அது கட்டுப்படியாகல, அதான் தனியா தொடங்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் பேரை முன்னாடி போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணு தொடங்க, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ, இத்தாலியன் கிராண்ட் பிரீன்னு ஆகிப்போச்சு.

நாட்டோட பேர் இருக்கறதால அந்த நாடே நடத்துதுன்னு நினைச்சுடாதீங்க. சான் மரினோ கிராண்ட் பிரீ பல வருஷம் இத்தாலில இருக்கற இமோலாலதான் நடந்துச்சு, பேர் மட்டும் பக்கத்து குட்டி நாட்டோடது. பிரேசிலியன் கிராண்ட் பிரீயா இருந்தது 2021லேருந்து சாவோ பாவ்லோ கிராண்ட் பிரீ. பேர்ங்கறது யாரு காசு கட்டுறாங்க, என்ன ஒப்பந்தம்ங்கறதப் பொறுத்தது.

இந்தியன் கிராண்ட் பிரீ இதுக்கு நல்ல உதாரணம். கிரேட்டர் நொய்டால ஜேபீ குரூப் கட்டுன புத் இன்டர்நேஷனல் சர்க்யூட், ஒரு சுத்து 5.125 கிலோமீட்டர், ரேஸுக்கு 60 சுத்து. 2011 அக்டோபர் 30ல முதல் ரேஸ், நம்ம கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஹெச்ஆர்டிங்கற பின்தங்கின டீமோட கார்ல ஓட்டி 17வதா முடிச்சாரு. அந்தக் காரை வச்சுக்கிட்டு அது பெரிய விஷயம்னுதான் நான் இன்னைக்கும் சொல்வேன். 2011, 12, 13 மூணு வருஷமும் ஜெயிச்சது ஜெர்மன் டிரைவர் செபாஸ்டியன் வெட்டல், 2013ல அங்கயே நாலாவது சாம்பியன்ஷிப்பையும் அடிச்சு, சந்தோஷத்துல கிராண்ட்ஸ்டாண்ட் முன்னாடி காரை வட்டம் வட்டமா சுத்துனாரு, அதுக்கு 25,000 யூரோ ஃபைன். அதோட சரி, அடுத்த வருஷம் ரேஸே இல்ல, திரும்ப 2015ல வரும்னாங்க, வரல.

ஏன்னா அந்த விலை. ஃபார்முலா ஒன் கம்பெனிகிட்ட இந்த ரேஸை நடத்துற உரிமை வாங்கறதுக்கே ஜேபீ ஒத்துக்கிட்ட தொகை 4 கோடி டாலர். இதுக்கு மேல, இது விளையாட்டா பொழுதுபோக்கான்னு ஒரு சண்டை. விளையாட்டுன்னா ஒரு மாதிரி, பொழுதுபோக்குன்னா கேளிக்கை வரி கட்டணும், வெளிநாட்டுலேருந்து கொண்டுவர்ற கார், டயர், இன்ஜினுக்கெல்லாம் கஸ்டம்ஸ் பிரச்சனை வேற. ஃபார்முலா ஒன்னுக்கு இங்க நிரந்தரத் தொழில் இடம் இருந்ததா எடுத்துக்கணும், அதனால அந்த வருமானத்துக்கு இந்தியாவுல வரி உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் 2017 ஏப்ரல்ல தீர்ப்பு சொல்லிடுச்சு. 2020ல, பாக்கி கட்டலன்னு அந்த நில ஒதுக்கீட்டையே யமுனா எக்ஸ்பிரஸ்வே ஆணையம் ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் 2023 செப்டம்பர்ல அதே டிராக்ல மோட்டோஜிபிங்கற பைக் ரேஸ் வந்துச்சு, அந்த ஜிபியும் கிராண்ட் பிரீயோட சுருக்கம்தான், மார்கோ பெசெக்கி ஜெயிச்சாரு, 2024ல அதுவும் ரத்து. இனிமே வருமா வராதான்னு கேக்கறவங்க டிராக் எப்படி இருக்குன்னு பாக்கறத விட அந்த ஃபீஸை யாரு கட்டுவாங்கன்னு பாத்தா போதும். மலேசியா கூட 1999லேருந்து செபாங்ல நடத்திட்டு 2017ஓட நிறுத்திருச்சு, ஜெர்மன் கிராண்ட் பிரீ கடைசியா நடந்தது 2019ல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? பெரும்பரிசுன்னு நேரடியா போட்டா லாட்டரி விளம்பரம் மாதிரி இருக்கு, அதோட இப்ப ஒரு ரேஸ் ஜெயிச்சா டிரைவருக்கு கைல கிடைக்கறது கோப்பையும் 25 பாயின்ட்டும்தான், பரிசுப் பணம் டீமுக்கு, அதுவும் சீசன்ல எந்த எடத்துல முடிச்சாங்கங்கறத வச்சு. என் ஓட்டு பெரும்பந்தயம்ங்கற சொல்லுக்கு. பந்தயம்னா நமக்கு ஓட்டமும்தான், வச்சு ஆடுற காசும்தான், ஓட்டப்பந்தயம்னும் சொல்றோம், என்ன பந்தயம் கட்டுறேன்னும் கேக்கறோம். ப்ரீல இருக்கற மாதிரியே பணம் இதுக்குள்ளயும் ஒளிஞ்சு உக்காந்திருக்கு. இந்தியப் பெரும்பந்தயம், பிரிட்டன் பெரும்பந்தயம்னு எழுதிப் பாருங்க, படிக்க உறுத்தல. குதிரை ரேஸுக்கும் போடலாம், பைக் ரேஸுக்கும் போடலாம். பேச்சுல கிராண்ட் பிரீன்னே சொல்லிட்டுப் போங்க, தப்பில்ல, அந்த 'க்ஸ்' மட்டும் வேணாம்.