துப்பட்டா மெதுவாகப் பறக்கும்போது உதடு மட்டும் எப்படிச் சரியாக அசைகிறது?

பாட்டு வீடியோக்களில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். பாடகியின் கூந்தல் மெதுவாகப் பறக்கிறது, துப்பட்டா காற்றில் மிதந்து மிதந்து இறங்குகிறது, பின்னால் தூவுகிற பூக்கள் தரைக்கு வரவே மனசில்லாமல் வருகின்றன. ஆனால் உதடு மட்டும் பாட்டோடு இம்மி பிசகாமல் அசைகிறது. ஸ்லோமோஷன் என்றால் உதடும் மெதுவாகத்தானே அசைய வேண்டும்?

விடை ரொம்ப எளிது. படம் எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார்கள். பாடுபவரும் அதே வேகத்தில் வாயசைக்கிறார், கேமராவும் விநாடிக்கு 24 ஃப்ரேமுக்கு, அதாவது 24 தனித்தனிப் படத்துக்குப் பதிலாக 48 ஃப்ரேம் எடுக்கிறது. அப்புறம் அதை வழக்கமான 24 ஃப்ரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாமே பாதி வேகத்துக்கு வந்துவிடும். இருமடங்கு வேகத்தில் அசைந்த உதடு பாதியாகக் குறைந்து பாட்டின் சரியான வேகத்துக்கு வந்து நிற்கிறது. கூந்தலும் துப்பட்டாவும் எடுக்கும்போது சாதாரண வேகத்தில்தானே பறந்தன, அதனால் அவை பாதியாகக் குறைந்து கனவு மாதிரி ஆகிவிடுகின்றன. ஒரே படத்துக்குள் இரண்டு விதமான நேரம் ஓடுகிறது. பார்க்கிற நமக்கு ஏதோ மாயம் மாதிரித் தெரிவது இதனால்தான்.

தமிழ் சினிமாப் பாட்டுகளிலும் இதே கணக்குதான். செட்டில் நாக்ரா என்ற டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓட்டிய காலத்தில் டேப்பை இரட்டை வேகத்தில் விட்டால் குரலின் சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறி, கீச்சுக்குரலில் கேட்கும். அந்தக் கீச்சுக்குரலுக்குத்தான் கதாநாயகனும் நாயகியும் முகத்தில் காதலோடு வாயசைக்க வேண்டும். இப்போது கணினியில் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டலாம். ஆனாலும் நான்கு நிமிடப் பாட்டின் வரிகளை இரண்டே நிமிடத்தில் வாயசைத்து, அவசரம் முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலை கிடையாது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். என் அக்கா மகளை மொட்டை மாடியில் நிற்க வைத்து, ஒரு போனில் பாட்டை 2 மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, இன்னொரு போனில் 60 ஃப்ரேமில் எடுத்தேன். பிறகு எடிட்டிங் செயலியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மேலே அசல் பாட்டை வைத்தேன். முதல் தடவை அவள் இரண்டாவது வரியிலேயே தடுமாறிவிட்டாள். நான்காவது தடவை சரியாக வந்தது. கொடியில் காய்ந்த சேலை அவளுக்குப் பின்னால் அலை மாதிரி எழுந்து இறங்கியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். செலவு ஒரு பைசா இல்லை.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் 'யெல்லோ' பாட்டு வீடியோ. 2000இல் வந்தது. இங்கிலாந்தில் டோர்செட் பகுதியின் ஸ்டட்லேண்ட் பே கடற்கரையில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் தனியாக நடந்து வருகிறார், அவ்வளவுதான் வீடியோ. வெட்டே இல்லாத ஒரே ஷாட். குழுவினர் எல்லோரும் நடிப்பதாகத்தான் இருந்தது. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவரின் அம்மாவுக்கு அன்று இறுதிச் சடங்கு, வானிலையும் மோசம். அதனால் பாடகர் மட்டும் மழை ஜாக்கெட்டோடு நடந்தார். விநாடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்தார்கள், அவர் இரட்டை வேகத்தில் பாடினார். அவருடைய உதட்டை விட்டுவிட்டு, பின்னால் வரும் அலைகளை மட்டும் பாருங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு உடைகிறது என்று தெரியும்.

கடற்கரையாக இருந்ததில் இன்னொரு வசதியும் உண்டு. ஃப்ரேம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் பாதியாகிவிடும், ஏனென்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பாதி. திறந்த வெளியில் பகல் வெளிச்சம் இலவசம். ராத்திரியிலோ செட்டுக்குள்ளோ எடுத்தால் இருமடங்கு விளக்கு வேண்டும், அதற்கு ஜெனரேட்டர், ஆட்கள், கூடுதல் நேரம். சாதாரண ட்யூப்லைட் மாதிரி விளக்குகளாக இருந்தால், நம் ஊர் மின்சாரத்தில் அவை விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிப்பது வேகமான கேமராவில் துடிப்பாகப் பதிந்துவிடும், அதனால் துடிக்காத விளக்குகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். பட்ஜெட் என்றதும் நாம் நடிகர் சம்பளத்தையும் வெளிநாட்டு லொக்கேஷனையும் நினைக்கிறோம், ஆனால் பணம் இப்படியும் போகிறது.

உடைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 1983 டிசம்பரில் எம்டிவி என்ற இசைச் சேனலில் வந்தது, கிட்டத்தட்ட 14 நிமிடம். இருட்டுத் தெருவில் சாம்பலும் பழுப்புமாக மங்கிப்போன பேய்கள், நடுவில் சிவப்பு ஜாக்கெட், சிவப்பு பேண்ட். அந்த உடையை வடிவமைத்தவர் டெபோரா நடூல்மன் லாண்டிஸ். பேய்க் கூட்டத்தில் ஜாக்சன் தனித்துத் தெரிய வேண்டும் என்றுதான் சிவப்பை எடுத்தார். மேலும் கீழும் ஒரே நிறமாக இருப்பதால் உடம்பின் கோடு இடுப்பில் அறுபடாமல் நீள்கிறது, ஒல்லியான ஆள் உயரமாகத் தெரிகிறார். தோளை அகலமாகக் காட்டும் வெட்டும் சேர்ந்துகொள்கிறது. சுற்றிலும் மங்கலாக இருக்கும்போது ஒரே ஒரு அழுத்தமான நிறம் இருந்தால், கண் அதைத் தேட வேண்டியதே இல்லை, தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அன்றைய டிவி பெட்டியில் நுணுக்கங்கள் சரியாகத் தெரியாது என்பதால் இப்படிப் பெரிய ஒற்றை நிறம் இன்னும் உதவியது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் மெல்லிய கோடு போட்ட சட்டை. கேமராவின் சென்சாரில் புள்ளிகள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. துணியின் கோடுகளும் அந்தக் கட்டங்களும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வந்தால், இரண்டும் சேர்ந்து துணியில் இல்லாத அலைகளை உண்டாக்கும், ஆள் அசைய அசைய அந்த அலைகள் ஊரும். அதனால்தான் கேமராவுக்கு முன்னால் பொடிக்கோடு வேண்டாம் என்று உடை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

'த்ரில்லர்' செலவு அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை. பணத்தைத் திரட்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வீடியோ உருவான விதத்தையே தனிப் படமாக எடுத்து அதன் உரிமையை டிவிக்கு விற்றார்கள். 2011இல் அந்த ஜாக்கெட் ஒன்று 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வீடியோவுக்கே அவ்வளவு ஆகவில்லை! 1995இல் வந்த ஜாக்சனின் 'ஸ்க்ரீம்' வீடியோவுக்கு 70 லட்சம் டாலர் ஆனதாகப் பரவலாகச் சொல்கிறார்கள், வெறும் கறுப்பு வெள்ளையில் ஒரு விண்கலத்துக்குள் நடக்கிறது. செட்டுகள் அழகுதான். ஆனாலும் எனக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவது அந்தக் கடற்கரை நடைதான்.

சரி, இரண்டு மடங்கு வேகத்தில் வாயசைக்கலாம், கஷ்டப்பட்டால் மூன்று மடங்கிலும் அசைக்கலாம். அதற்கு மேல்? ஓகே கோ இசைக்குழு 2016இல் 'தி ஒன் மொமன்ட்' எடுத்தபோது இந்தச் சிக்கல் வந்தது. தண்ணீர் பலூன்கள் உடைவது, கிட்டார்கள் வெடித்துச் சிதறுவது, வண்ண உப்பு தெறிப்பது என்று வெறும் 4.2 விநாடியில் நடந்து முடிந்ததை ஒரு பாட்டு நீளத்துக்கு இழுத்திருக்கிறார்கள். கூட்டாளி ஒரு உப்பு கம்பெனி, அதனால் உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்வளவு குறைந்த நேரத்துக்குள் எந்த மனிதராலும் இத்தனை வரிகளைப் பாடி முடிக்க முடியாது. அதனால் பாடுகிற முகத்தைப் படம் படமாக அச்சடித்து, சின்ன வயதில் நோட்டுப் புத்தக ஓரத்தில் பொம்மை வரைந்து பக்கத்தைப் புரட்டுவோமே, அதே மாதிரிப் புத்தகமாகக் கட்டினார்கள். பக்கங்கள் படபடவென்று புரள, அதை அதிவேகக் கேமரா எடுக்க, மெதுவாக ஓட்டியபோது காகிதத்தில் இருந்த வாய் பாட்டோடு சரியாகப் பாடியது.