தேம்ஸ்ல துடுப்புப் போட்டி: ஒம்போது பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ஏன் லைஃப் ஜாக்கெட்?

அக்கா பொண்ணு லண்டன்ல காலேஜ் சேர்ந்த முதல் மாசமே ரோயிங் கிளப்ல பேர் குடுத்துட்டா. ஆள் ஒல்லி, தொண்டை மட்டும் நாலு தெருவுக்குக் கேக்கும், அதனால கையில துடுப்பு குடுக்காம காக்ஸா, அதாவது துடுப்பு போடுற எட்டு பேருக்கும் குரல் குடுத்து படகைத் திருப்பற ஆளா, உக்கார வெச்சுட்டாங்க. ஊர்ல இருந்து அக்கா போன் போட்டு "ஏன்டா, அங்க எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்கல்ல?"ன்னு கேட்டா. இல்லக்கா, ஒம்போது பேர்ல உன் பொண்ணுக்கு மட்டும்தான்னு சொன்னேன், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பிள்ளைங்க இப்படி சேர்ந்திருக்கிற மத்த வீட்டுக்கும் இதே டவுட் இருக்கும்னுதான் இதை எழுதுறேன்.

மொதல்ல ஆறு யார் கையில இருக்குன்னு பாத்துடலாம். தேம்ஸ்ல டெடிங்டன்னு ஒரு மதகு இருக்கு. அதுக்கு மேல சுற்றுச்சூழல் ஏஜென்சி, மதகுல மதகுல போர்டு மாட்டுவாங்க, மஞ்சள்னா ஓட்டம் ஏறுது இல்ல இறங்குது, பாத்துப் போ, சிவப்புன்னா இழுப்பு ஜாஸ்தி, எஞ்சின் இல்லாத படகு கரையிலயே இருக்கறது நல்லது. டெடிங்டனுக்குக் கீழ கடல் வரைக்கும் போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டி, அவங்களோட 2012 பைலாதான் சட்டம். லண்டனுக்கு மேற்கால இருக்கற பட்னி பக்கம் ரோயிங் படகுக்குன்னே டைட்வே கோட்னு (கடல் தண்ணி ஏறி வத்துற பகுதிக்குப் பேர்தான் டைட்வே) தனியா ஒரு ரூல் புக் வெச்சிருக்காங்க, அதைப் படிக்காம அங்க படகு திருப்பவே கூடாது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதற போட் ரேஸ் மாதிரி பெரிய போட்டின்னா போர்ட் ஆளுங்க முன்னாடியே அறிவிப்பு விட்டு மத்த படகையெல்லாம் நிறுத்திடுவாங்க.

அந்த புக்ல புதுசா வர்றவங்களுக்கு தலை சுத்துறது எந்தப் பக்கம் போறதுங்கற விஷயம்தான். பொதுவா ஆத்துல வலது பக்கம் போகணும். ஆனா அங்க கடல் தண்ணி ஏறி வத்துற ஆறு, ஓட்டத்தை எதுத்து நடு ஆத்துல துடுப்பு போட்டா நின்ன இடத்துலயே நிக்க வேண்டியதுதான், அதனால எதுத்துப் போற படகு இழுப்பு கம்மியா இருக்கிற கரையோரமா ஒட்டிப் போகணும், ஓட்டத்தோட வர்ற படகு நடுவுல வரணும், பக்கம் மாறணும்னா அதுக்குன்னு குறிச்ச இடத்துலதான் மாறணும். ஏத்தமா வத்தமான்னு பாக்காம படகை இறக்கினா நேத்து சரியா இருந்த பக்கம் இன்னைக்கு எதுக்க வர்றவன் வழியா இருக்கும். இதுல துடுப்பு போடுற எட்டு பேருக்கும் முதுகுதான் முன்பக்கம், படகு எங்க போகுதுன்னு பாக்கற கண்ணு காக்ஸோடது மட்டும்தான்!

சாமான்ல வருவோம். படகு மூக்குல குறைஞ்சது 4 செ.மீ. இருக்கற வெள்ளை ரப்பர் பந்து ஒண்ணு இருக்கணும். பாக்க பொம்மை மாதிரி இருக்கும், ஆனா அது இல்லேன்னா அந்த மூக்கு ஈட்டிதான், மோதினா முதுகுல இறங்கிடும். அடுத்தது ஷூ. ஷூவை படகுலயே திருகி வெச்சிருப்பாங்க, காலை அதுல விட்டு வெல்க்ரோ போட்டு இறுக்கிக்கணும், படகு கவுந்தா கால் மாட்டிக்குமே? அதுக்குத்தான் ரெண்டு குதிகால்லயும் சின்னக் கயிறு கட்டி பலகையோட இழுத்து வெச்சிருக்கும், குதி கொஞ்சத்துக்கு மேல தூக்காது, அதனால ஷூ அங்கயே நிக்கும், கால் மட்டும் உருவிட்டு வந்துடும். வெல்க்ரோவையும் ஒரு இழுப்புல கழட்டுற மாதிரி சேத்துக் கட்டியிருப்பாங்க. அந்தக் கயிறு நைஞ்சிருந்தாலோ நீளமா இருந்தாலோ செக்கிங்ல படகை தண்ணியில இறக்க விடமாட்டாங்க, அஞ்சு நிமிஷ வேலை, அதைச் செய்யாம ரேஸ் போனவங்க உண்டு.

சரி, லைஃப் ஜாக்கெட். துடுப்பு போடுறவங்க முன்னயும் பின்னயும் சாஞ்சு இழுக்கணும், ஜாக்கெட் அதுக்கு இடைஞ்சல், அதனால கட்டாயம் இல்ல. அவங்களுக்குப் படகுதான் மிதவை. இது வெறும் பேச்சா இருக்கக் கூடாதுன்னு படகுக்கே ரூல் போட்டாங்க. 2000ல ஸ்பெயின்ல பிராக்டிஸ் போன ஆக்ஸ்ஃபோர்டு படகுல தண்ணி ஏறி ஒரு மாணவர் இறந்துட்டார், சீட்டுக்கு அடியில காத்து அடைச்ச அறை வேணும்னு அதுக்கப்புறம் பெரிய சத்தம் எழுந்துச்சு. 2007ல இருந்து சர்வதேச விதி என்னன்னா, படகு முழுக்க தண்ணி ரொம்பி ஆளுங்க உக்காந்திருந்தாலும் சீட்டு தண்ணிக்குக் கீழ 5 செ.மீ.க்கு மேல முங்கக் கூடாது. முங்கற கதை ஒண்ணும் புதுசு இல்ல, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் போட் ரேஸ்ல 1912ல ரெண்டு படகும் முங்கிச்சு, 1951ல ஆக்ஸ்ஃபோர்டு, 1978ல கேம்பிரிட்ஜ். 2016ல கேம்பிரிட்ஜ் பொண்ணுங்க படகு தண்ணி ரொம்பி இதோ போச்சுன்னு நினைச்சப்போ பம்ப் ஓட ஓட எல்லையைத் தொட்டுட்டாங்க.

காக்ஸ் துடுப்பு போடலையே, அசையாம குளிர்ல உக்காந்திருக்கிற ஆள், அதனால ஜாக்கெட் கட்டாயம். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. சில படகுல காக்ஸ் பின்னால உக்காராம மூக்குப் பக்கம் குழிக்குள்ள படுத்திருப்பாங்க. அங்க தண்ணி பட்டா தானா ஊதுற ஜாக்கெட் போடவே கூடாது, கவுந்த உடனே அது ஊதி ஆளை உள்ளேயே அமுக்கிடும். கையால இழுத்தா மட்டும் ஊதுற ஜாக்கெட்தான் போடணும், வெளிய வந்தப்புறம் இழுத்துக்கலாம். உள்ள இருக்கற கேஸ் சிலிண்டர் லூசா இருக்கான்னு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை திருகிப் பாக்கணும், நான் போனப்போ எங்க பொண்ணோடது அரை சுத்து லூசா இருந்துச்சு.

ரேஸ்ல போட் ரேஸ்னா ரெண்டு படகுதான், அம்பயர் பின்னாடியே லாஞ்ச்ல (மோட்டார் படகு) வந்து கொடியைக் காட்டி பேர் சொல்லிக் கத்துவார், விலகாம மோதினா அவுட் ஆகலாம். 2012ல ஒரு ஆள் குறுக்க நீந்தி வந்து ரேஸையே நிறுத்தி மறுபடி விட வேண்டியதாச்சு. ஹெட் ஆஃப் தி ரிவர் ரேஸ், 1926ல ஆரம்பிச்சது, வேற கணக்கு. நூத்துக்கணக்கான எட்டுப்பேர் படகு வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா மார்ட்லேக்ல இருந்து பட்னிக்கு வத்தத்தோட வரும், நேரம்தான் போட்டி. பின்னாடி வேகமா வர்றவனுக்கு முன்னாடி இருக்கறவன் வழி விடணும், விடலேன்னா பெனால்ட்டி.

கவுந்துட்டா? கரை கிட்டத்தான் தெரியும், நீந்திடலாம்னு தோணும், நீந்தக் கூடாது. படகைப் பிடி, ஆள் எண்ணிக்கோ, முடிஞ்ச அளவு உடம்பைத் தண்ணிக்கு மேல ஏத்திப் படு, ஏன்னா குளிர் தண்ணி முதல் நிமிஷத்துலயே மூச்சைப் பிடுங்கும். கரையில நிக்கறவங்க 999 அடிச்சு போலீஸ் கேக்காம கோஸ்ட்கார்டுன்னு கேக்கணும். அந்தப் பக்கம் சிஸ்விக்ல லைஃப்போட் (மீட்புப் படகு) ஸ்டேஷன் இருக்கு. 1989ல தேம்ஸ்ல மார்ஷனஸ்னு ஒரு உல்லாசப் படகு முங்கி 51 பேர் செத்த விசாரணைக்கு அப்புறம் 2002ல தேம்ஸ்ல லைஃப்போட் ஸ்டேஷன் வெச்சாங்களே, அதுல ஒண்ணு.

கடைசியா தண்ணி. 2024 போட் ரேஸ் சமயத்துல சோதனையில ஈ-கோலி கிருமி எக்கச்சக்கமா இருந்துச்சு, சாக்கடைத் தண்ணி வேலை. கையில கொப்புளம், வெட்டு இருந்தா தண்ணி புகாத பிளாஸ்டர் ஒட்டணும், தெறிக்கிறதை முழுங்கக் கூடாது, முடிஞ்ச உடனே கழுவணும்னு சொல்லிட்டாங்க. ஜெயிச்சா காக்ஸைத் தூக்கி ஆத்துல எறியற வழக்கத்தையும் அந்த வருஷம் வேணாம்னுட்டாங்க. அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு அக்காகிட்ட நான் இன்னும் சொல்லல.