புத்தகத்தை மூடிய பின் நடப்பது

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், அறிவியல் புத்தகத்தில் இதயத்தைப் பற்றிய பக்கங்களை நான்கு முறை படித்து முடித்துவிட்டு, "எல்லாம் படிச்சிட்டேன் சித்தப்பா" என்றாள். புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தம் இதயத்துக்குள் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வெளியேறுகிறது என்று வரையச் சொன்னேன். வலது ஏட்ரியம் வரை கை தயங்காமல் வந்தது. அதன் பிறகு மூவிதழ் வால்வின் பெயர் வரவில்லை. நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்வது நுரையீரல் சிரை என்று எழுதினாள், அது தமனி.

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை மூன்றாம் முறை, நான்காம் முறை படிக்கும்போது கண் தடையின்றி ஓடுகிறது, சொற்கள் பழகியவையாகத் தெரிகின்றன, அந்தப் பழக்கத்தையே 'தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பது ஒரு வேலை. எதிரே ஒன்றும் இல்லாதபோது உள்ளிருந்து வரவழைப்பது வேறொரு வேலை. தேர்வறையில் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வேலைதான். வீட்டில் நம் பிள்ளைகள் நாள் முழுக்கப் பழகுவதோ முதல் வேலையை.

இந்த வேறுபாட்டை ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் அளந்து காட்டினர். ஒரு குழு மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு குழு ஓர் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் பகுதியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. முதல் குழுவினர் அந்தப் பகுதியைச் சராசரியாகப் பதினான்கு முறை படித்திருந்தனர். இரண்டாம் குழுவினர் மூன்று முறைக்குச் சற்றே கூடுதல். இத்தனைக்கும், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினரே.

காரணம் நினைவின் இயல்பில் இருக்கிறது. நினைவு என்பது அலமாரியில் வைத்த நோட்டுப்புத்தகம் அன்று, எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைப்பதற்கு. ஒரு செய்தி மூளையில் பல நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளாகப் பரவியிருக்கிறது. அதை நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்புகள் மீண்டும் உயிர்பெறுகின்றன, வலுவடைகின்றன, அதனிடம் போய்ச்சேரப் புதிய வழிகளும் உண்டாகின்றன. தடுமாறித் தேடும் அந்த அரை நிமிடம் வீண் போவதில்லை. தேடித் தவறாக எழுதி, உடனே சரியான விடையைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் அது ஆழப் பதிகிறது. அதுவும் உறுதியாக நம்பி எழுதிய தவறு என்றால் திருத்தம் இன்னும் நன்றாக நிற்கிறது. நம் ஊரில் 'ஒப்பித்தல்' என்றொரு பழக்கம் இருந்தது. பொருள் புரியாமல் ஒப்பிப்பதை எதிர்த்தது நியாயமே. ஆனால் பார்க்காமல் சொல்வது என்ற நல்ல பகுதியையும் அதோடு சேர்த்து நாம் கைவிட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்.

இதனால்தான் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடக்கும் திருப்புதல் தேர்வுகளை வெறும் அளவுகோலாகப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. அவை கற்றலின் பகுதி. விடைத்தாளை மறுநாளே தந்து, எங்கே தவறு என்று பிள்ளைகளே கண்டு மாற்றி எழுத நேரம் கொடுக்கும் வகுப்பில் அந்தத் தேர்வு பாடம் நடத்துகிறது. மதிப்பெண்ணை உரக்கப் படித்து, குறைந்தவரை எழுப்பி நிற்கவைக்கும் வகுப்பில் பயம் மட்டுமே மிஞ்சுகிறது. பயமோ, விடையை யோசிக்கத் தேவையான மனத்தின் இடத்தைத்தான் முதலில் அடைத்துக்கொள்கிறது.

அடுத்தது இடைவெளி. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு நாள் கழித்து மறுபடி கற்றபோது முதலில் ஆன நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. சற்று மறந்த பிறகு நினைவுகூர்வதே அதிகப் பயன் தருகிறது. ஆகவே மூன்று மணி நேரத்தை ஒரே மாலையில் செலவிடுவதை விட, மூன்று நாள்களில் ஒரு மணி நேரமாகப் பிரிப்பது மேல்; தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, இடைவெளியையும் அதற்கேற்ப நீட்டலாம்.

கணிதத்துக்கு இன்னொன்று உண்டு. அளவியல் பாடத்தில் உருளைக்கு ஒரு பயிற்சி, கூம்புக்கு ஒரு பயிற்சி என்று வரிசையாகப் போட்டால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே வருவதில்லை. பொதுத்தேர்வு வினாத்தாளில் பயிற்சியின் மேலே இருக்கும் அந்தத் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காண மாணவர்களைப் பயிற்றுவித்தனர். வகைவாரியாகப் பயின்றோர் பயிற்சியின்போது 89 சதவீதமும், கலந்து பயின்றோர் 60 சதவீதமும் சரியாகச் செய்தனர். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தையவர்கள் 20 சதவீதம், பிந்தையவர்கள் 63.

இரவு விழிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் கற்றதை மூளை முக்கியமாக உறக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்துகிறது. விடிய விடிய விழித்திருப்பவர் அந்த வேலையை நடக்கவிடாமல் செய்கிறார்.

அண்ணன் மகள் அந்தப் படத்தை மறுநாள் மாலை ஒரு முறையும், மூன்று நாள் கழித்து ஒரு முறையும், அதற்கடுத்த வாரம் ஒரு முறையும் புத்தகம் பார்க்காமல் வரைந்தாள். இரண்டாம் முறை ஈரிதழ் வால்வு இடம் மாறியிருந்தது. தானே சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தினாள். கடைசித் தாளில் சிவப்பு மை இல்லை. நுரையீரல் தமனிக்குக் கீழே மட்டும், நான் கேட்காமலேயே, 'தமனியாக இருந்தும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்.