வாயை மறைத்துவிட்டுப் பாருங்கள்

கார்ட்டூன் கற்க வருபவர்களிடம் முதல் நாளன்று கோபமான முகம் ஒன்றை வரையச் சொல்வேன். பெரும்பாலோர் ஒரு வட்டம் போட்டு, இரண்டு புள்ளிகள் வைத்து, கவிழ்த்த பிறையாக வாயை இழுத்துவிடுவார்கள். அந்த வாயை விரலால் மறைத்து, "இப்போது இவருக்கு என்ன?" என்று கேட்பேன். பதில் வராது. மிச்சம் இருப்பவை இரண்டு புள்ளிகள் மட்டும்தானே!

உணர்ச்சியை வாயில் தேடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. புருவத்தில் தொடங்குங்கள். வாயை ஒரு நேர்கோடாகவே வைத்துக்கொண்டு புருவங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். உள்முனைகள் மூக்கை நோக்கி இறங்கி நெருங்கினால் கோபம். உள்முனைகள் மேலேறி வெளிமுனைகள் சரிந்தால் துயரம். இரண்டும் வில்லாக வளைந்து கண்ணை விட்டு உயர்ந்தால் வியப்பு. ஒன்று மட்டும் ஏறினால் சந்தேகம். அதன்பின் வாயைச் சேர்க்கும்போதுதான் வேடிக்கை. துயரப் புருவத்தின் கீழ் புன்னகையை வரையுங்கள்: அழுகையை மறைக்கும் மனிதர் வந்துவிடுவார். கோபப் புருவத்தின் கீழ் அதே புன்னகை சதிகாரனுடையது.

அடுத்தது இமை. முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன், 1862-இல் ஒன்றை எழுதினார்: உள்ளம் நிறைந்த சிரிப்பில் வாயோரத்தோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது. வரைபவருக்கு இது நேரடியாகப் பயன்படும். கன்னம் மேலேறி, கீழிமை கண்ணின் அடிப்பகுதியை மறைக்கும்படி ஒரு வளைவு போடுங்கள். அது இல்லாவிட்டால், புகைப்படத்துக்காகச் சிரிப்பவரின் முகமாகிவிடும்.

கண்களை நெற்றியில் ஏற்றிவிடுவதும் பரவலான பழக்கம். முடிக்குள் மறைந்திருக்கும் மண்டையை மறந்துவிடுகிறோம். பெரியவர்களின் கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருக்கின்றன. குழந்தைகளுக்கு இன்னும் கீழே. கார்ட்டூனில் இதை மீறலாம், ஆனால் தெரிந்து மீற வேண்டும். உடலும் அப்படித்தான். வளர்ந்த மனிதரின் உயரம் சுமார் ஏழரைத் தலை, அதாவது அவர் தலையின் உயரத்தைப் போல் ஏழரை மடங்கு. அதையே மூன்று தலை உயரத்துக்குச் சுருக்கினால் செல்லத்தனம் கூடும். நிற்கும் நிலையை முதலில் ஒரே வளைகோட்டில் பிடித்துவிடுங்கள். முதுகை நிமிர்த்தி நிற்பவரின் சோகத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிரபலமான பாத்திரத்தை அச்சு அசலாகப் பார்த்து வரையும் பிள்ளையைப் பாராட்டுங்கள்; தவறில்லை. பிறகு, "இவனை அழவைத்துக் காட்டு" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்தது கோடுகளின் வரிசையை, முகத்தை அல்ல. மருந்து எளிது: மேசையில் ஒரு சிறிய கண்ணாடி. நானும் அதில் முகத்தைக் கோணிக்கொண்டே வரைகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அழிப்பானைச் சில வாரங்களுக்கு ஒளித்துவையுங்கள். சித்திரக்கதைகளின் முன்னோடிகளில் ஒருவரான சுவிட்சர்லாந்தின் டோப்ஃபர், எவ்வளவு கோணலாகக் கிறுக்கினாலும் முகம் என்று ஒன்று அமைந்துவிட்டால் அதற்கு ஏதோ ஒரு முகபாவம் இருந்தே தீரும் என்று 1845-இல் எழுதினார். ஆகவே ஒரு பக்கத்தில் இருபது முகங்கள் கிறுக்குங்கள். எந்தக் கோடு நகர்ந்ததால் யார் கோபித்துக்கொண்டார் என்று தேடுங்கள். பிழையாக விழுந்த கோடுதான் பல நேரம் நல்ல பாத்திரத்தைக் கொடுக்கிறது. திரையில் வரைபவர்கள் அதை ஒரு தட்டலில் அழித்துவிடுவது எனக்குச் சற்று வருத்தம்.

சென்ற மாதம், அச்சுக்குப் போகவிருந்த என் படம் ஒன்றின் வாயை ஒரு மாணவி விரலால் மறைத்து, "இப்போது இவருக்கு என்ன, சார்?" என்றாள். அன்று மாலை புருவங்களை மாற்றி வரைந்துதான் அனுப்பினேன்.